கொடைக்கானல் அடுப்படியில் மொராக்கோ ஒயின்: எதில் தொடங்குவது, எதோடு சாப்பிடுவது

மொராக்கோ, துனிசியா ஒயின்களை முதல்முறை குடித்துப் பார்க்கப் போகிறீர்களா? பிரெஞ்சு சாப்பாட்டு விதிகளை ஓரமாக வைத்துவிட்டு உங்கள் அஞ்சறைப்பெட்டியைத் திறங்கள். சீரகம், மல்லி, சுக்கு, பட்டை, மஞ்சள், மிளகு. அப்புறம் உப்பில் ஊறிய எலுமிச்சை, கொண்டைக்கடலை, ஆட்டுக்கறி. அந்தத் திராட்சை விளையும் ஊர்களில் அடுப்பேறுவது இதெல்லாம்தான். இந்த ஒயின்களுக்குத் தோது பார்க்க பாரிஸ் ஹோட்டல் மெனுவைவிட நம் சமையலறைதான் சரியான இடம் என்பது என் கட்சி.

செண்பகனூர் பக்கம் சில அறைகள் வைத்து விருந்தினர்களைத் தங்கவைக்கிறேன். பிறந்த ஊர் பாண்டிச்சேரி. அதனால் பாதிச் சொந்தம் பாரிஸைச் சுற்றி இருக்கிறது. லீவுக்கு வருகிறவர்களிடம் சாக்லேட் வேண்டாம், சென்ட் வேண்டாம், மொராக்கோ ஒயின் ஒன்று வாங்கி வா என்று சொல்லிவிடுவேன். பிரான்சில் அது அரிய சரக்கு இல்லை. பேர்பெற்ற போர்தோ பாட்டில்களின் விலைக்குப் பக்கத்தில்கூட வராது. நம் ஊர் டாஸ்மாக்கில் தேடி அலைவது வீண் வேலை. வெளிநாட்டிலிருந்து விமானத்தில் வருகிற ஒருவர் 2 லிட்டர் வரை மது வரியில்லாமல் கொண்டுவரலாம். அதாவது இரண்டு முழு பாட்டில், கூட ஒரு அரை பாட்டில். வருகிறவர் பெட்டியில் துண்டு சுற்றி நடுவில் வைத்துக் கொண்டுவந்தால் போதும். வத்தலக்குண்டிலிருந்து வளைந்து வளைந்து மேலே ஏறிய பாட்டிலை அன்றைக்கே திறக்காதீர்கள். சிவப்பு ஒயின் என்றால் இரண்டு மூன்று நாள் நிமிர்த்தி வையுங்கள். கலங்கிய வண்டல் அடியில் இறங்கட்டும்.

இன்னொன்று, தமிழ்நாட்டில் குடிக்கும் வயது 21. மலைரோட்டில் வண்டி எடுக்கப் போகிறவருக்கு ஒரு சொட்டுகூட ஊற்றாதீர்கள்.

முதலில் ஒரே ஒரு பண்ணை

பல நாட்டு ஒயினை ஒரே நேரத்தில் வாங்கி வரிசையாக வைத்தால் எதுவும் மனதில் நிற்காது. ஒரு பண்ணையை எடுத்துக்கொண்டு அதன் வெளிர்நிறத்திலிருந்து கனத்த சிவப்பு வரை போய்ப் பாருங்கள். நான் எல்லோருக்கும் சொல்வது 'லே செலியே தெ மெக்னெஸ்'. பிரஹிம் ஸ்னிபேர் என்பவர் 1964-ல் தொடங்கியது. மொராக்கோ 1956-ல் விடுதலை அடைந்ததும் பிரெஞ்சு நிலக்காரர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பிவிட்டார்கள். அவர்கள் விட்டுப்போன தொழிலை உள்ளூர்க்காரர் ஒருவர் கையில் எடுத்து, நாட்டிலேயே பெரிய ஒயின் நிறுவனமாக வளர்த்தார். அவர் 2016-ல் காலமானார்.

மெக்னெஸ் பீடபூமி கடல் மட்டத்திலிருந்து சுமார் 600 மீட்டர் உயரம். பகலில் வெயில் வறுத்தெடுத்தாலும் ராத்திரியில் அட்லஸ் மலைக்காற்று இறங்கிவிடும். இந்தப் பகல் சூடும் இரவுக் குளிரும்தான் திராட்சையில் புளிப்பைக் காப்பாற்றுகிறது. இல்லாவிட்டால் பழத்தில் இனிப்பு மட்டும் ஏறி, ஒயின் கஷாயம் மாதிரி ஆகிவிடும். மெக்னெஸுக்கு மேலே, மத்திய அட்லஸில் இஃப்ரான் என்று ஓர் ஊர் இருக்கிறது. வெயில் தாங்காத பிரெஞ்சு அதிகாரிகள் 1920-களின் கடைசியில் தங்களுக்காகக் கட்டிக்கொண்டது. குளிர்காலத்தில் அங்கே பனிகூட விழும். நம் கொடையை யார் எதற்குக் கட்டினார்கள் என்று தெரிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

மெக்னெஸ் பக்கத்தில் வொலுபிலிஸ் என்ற ரோமானிய நகரத்தின் இடிபாடுகள் உள்ளன. திராட்சை அந்த மண்ணுக்கு அவ்வளவு பழசு. ஆனால் இன்றைய தொழிலின் உடனடிக் காரணம் ஒரு பூச்சி. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஃபிலாக்ஸெரா என்ற பூச்சி பிரான்சின் கொடிகளை வேரோடு தின்றது. ஒயினுக்குத் திண்டாடிய பிரான்ஸ், தன் கையிலிருந்த அல்ஜீரியாவில் மலைமலையாகக் கொடி நட்டது. 20-ஆம் நூற்றாண்டின் நடுவில் உலகிலேயே அதிகம் ஒயின் ஏற்றுமதி செய்த நாடு அல்ஜீரியாதான். அதில் பெரும்பகுதி பிரான்சுக்குப் போய், நோஞ்சான் பிரெஞ்சு ஒயினுக்கு நிறமும் சத்தும் ஏற்றுவதற்காகக் கலக்கப்பட்டது. 1962-ல் அல்ஜீரியா விடுதலை அடைந்த பிறகு அந்தச் சந்தை படிப்படியாகச் சுருங்கிவிட்டது. வட ஆப்பிரிக்க ஒயின் என்றால் பேரில்லாத சரக்கு என்ற எண்ணம் இன்றும் சிலரிடம் இருப்பதற்கு இதுதான் வேர்.

லேபிளில் பார்க்க வேண்டியது

'கெருவான்', 'பெனி ம்தீர்' என்ற இரண்டு பெயர்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் மெக்னெஸைச் சுற்றியுள்ள வட்டாரங்கள். பெயரோடு ஏ.ஓ.ஜி. என்று இருந்தால், அந்த வட்டாரத்தில் விளைந்தது என்பதற்கான அரசு உத்தரவாதம். அதற்கு ஒரு படி மேலே 'கொத்தோ தெ லாட்லஸ்'. செலியேவின் ஷாட்டோ ரோஸ்லான் பண்ணையிலிருந்து வருகிற இதுதான் அவர்களுடைய மேல்தட்டுச் சரக்கு.

வருடத்தையும் பாருங்கள். வெளிர்நிற ஒயினும் மஸ்காட் என்ற வெள்ளை ஒயினும் இரண்டு மூன்று வருடத்துக்குள் குடித்துத் தீர்க்க வேண்டியவை. தள்ளுபடியில் கிடைத்தது என்று ஐந்து வருடப் பழசை யாராவது கொண்டுவந்தால், நன்றி சொல்லி வாங்கிச் சமையலுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

திராட்சைகள்

மொராக்கோவில் அடித்தளம் இரண்டு: சேன்சோ, கரிஞான். சேன்சோ வெயிலையும் வறட்சியையும் தாங்கும். அதன் ஒயின் மெலிசாக, செந்நிறப் பழவாசனையோடு இருக்கும். கரிஞான் நாள் கழித்துப் பழுப்பது. புளிப்பும் துவர்ப்பும் கூட. இரண்டும் சேர்ந்தால் ஒன்றின் குறையை இன்னொன்று சரிக்கட்டும். கூடவே கிரெனாஷ், சிரா, கபெர்னே சோவிஞோன், மெர்லோ எல்லாம் உண்டு.

மொராக்கோவின் தனி அடையாளம் 'கிரி' என்ற வெளிறிய ரோஸ், அதாவது இளஞ்சிவப்பு ஒயின். கறுந்திராட்சையைத் தோலோடு ஊறவிடாமல் வந்தவுடன் பிழிந்துவிடுவார்கள். தோலின் நிறம் சாற்றில் அவ்வளவாக இறங்காது. கிளாஸில் பார்த்தால் வெங்காயத் தோல் நிறத்தில் இருக்கும். கெருவான் கிரியில்தான் தொடங்கச் சொல்வேன். கொஞ்சம் அகலமான, வேறு வடிவ பாட்டிலில் 'கிரி தெ புலாவான்' என்று ஒன்றும் பிரான்சுக் கடைகளில் கிடைக்கும். அது வேறு நிறுவனம், அதுவும் மோசமில்லை.

சிராவைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். நல்ல சிராவை முகர்ந்தால் மிளகு வாசம் வரும். அது மனப்பிரமை இல்லை. மிளகுக்கு அந்த வாசத்தைத் தருகிற ரொட்டண்டோன் என்ற வேதிப்பொருள் சிரா திராட்சைத் தோலிலும் இருப்பதை 2008-ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். தாண்டிக்குடி மிளகை இடித்துக் கையில் வைத்துக்கொண்டு ஒரு முறை, கிளாஸை ஒரு முறை என்று மாற்றி மாற்றி முகர்ந்து பாருங்கள். காசாபிளாங்கா பக்கம் பென்ஸ்லிமானில் இருக்கும் தால்வின் நிறுவனத்தோடு சேர்ந்து, பிரான்சின் ரோன் பகுதியைச் சேர்ந்த அலன் கிராயோ செய்த சிரா ஒன்று உண்டு. 'தாந்தெம்' என்றும், சில நாடுகளில் 'சிரோக்கோ' என்றும் விற்கிறார்கள். இந்தச் சோதனைக்கு அது பொருத்தமான பாட்டில்.

மொராக்கோவை விட்டு ஒரே ஒரு எட்டு வெளியே வைப்பதாக இருந்தால் துனிசியாவுக்குப் போங்கள். அங்கே கேப் போன் முனையில் கெலிபியா என்ற மீன்பிடித் துறைமுகம் இருக்கிறது. அந்த வட்டாரத்து மஸ்காட் இனிக்காத வெள்ளை ஒயின். திராட்சை, அலெக்ஸாந்திரியா மஸ்காட். இது நமக்குச் சொந்தம் என்றால் நம்புவீர்களா? நம் மலைக்குத் தெற்கே கம்பம் பள்ளத்தாக்கில் பந்தல் பந்தலாகத் தொங்குகிற பன்னீர் திராட்சை இருக்கிறதே, 2023-ல் புவிசார் குறியீடு வாங்கியது, அதன் ரகப் பெயர் ஹாம்பர்க் மஸ்காட். அதைப் பெற்ற இரண்டு ரகங்களில் ஒன்று அலெக்ஸாந்திரியா மஸ்காட்தான். கெலிபியா பாட்டிலைத் திறக்கும்போது பக்கத்தில் ஒரு கொத்து பன்னீர் திராட்சை வைத்துக்கொள்ளுங்கள். பழத்தைக் கடித்துவிட்டு ஒயினை முகர்ந்தால் அந்தப் பன்னீர் வாசம் இரண்டிலும் பிடிபடும். இங்கே வந்து தங்குகிற விருந்தினர்களில் ஒயின் தெரிந்தவர்கள்கூட இதில் அசந்துபோவார்கள்.

இனிப்பை எதிர்பார்க்காதீர்கள்

நம்மில் பலருக்கு ஒயின் என்றால் கிறிஸ்துமஸுக்கு வீட்டில் போடுவதுதான். பன்னீர் திராட்சை, அதே எடைக்குச் சர்க்கரை, கிராம்பு, ஒரு கைப்பிடி கோதுமை, பீங்கான் ஜாடி. அந்த நாக்கோடு கெருவான் சிவப்பைக் குடித்தால் முகம் கோணும். என் மாமியார் ஒரு வாய் குடித்துவிட்டு, "ஏத்தா, சீனி போட மறந்துட்டாய்ங்களா?" என்றார். அத்தைக்கு அதற்கப்புறம் நான் கண்டுபிடித்த வழி இது. வெறும் வாயில் முதல் மடக்கைக் கொடுக்கக்கூடாது. உப்புப் போட்ட முந்திரியோ ஒரு துண்டு கொடை சீஸோ கொடுத்துவிட்டுத்தான் ஒயின். உப்பும் கொழுப்பும் துவர்ப்பை அமுக்கும். பழத்தின் ருசி மேலே வரும். இப்போது அத்தை கிரியைக் கேட்டு வாங்கிக் குடிக்கிறார். சிவப்பை இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

குளிரும் கிளாஸும்

இந்த ஒரு விஷயத்தில் மலைவாசிகளுக்குப் பெரிய வசதி. சிவப்பு ஒயினை 'அறை வெப்பத்தில்' குடி என்று எழுதுகிறார்களே, அது மதுரை அறைக்குப் பொருந்தாது, நம் அறைக்குப் பொருந்தும். கனத்த சிவப்புக்கு 16 முதல் 18 டிகிரி, மெலிசான கெருவானுக்கு 14 அல்லது 15. கொடையில் சாயங்காலம் ஜன்னலை மூடிய ஹாலில் வைத்தாலே போதும். கிரிக்கும் மஸ்காட்டுக்கும் 8 முதல் 10 டிகிரி வேண்டும். டிசம்பர், ஜனவரியில் ராத்திரி வெளித்திண்ணையில் வைத்தால் அதுவே ஃப்ரிட்ஜ். குரங்கு தூக்காத இடமாகப் பார்த்து வையுங்கள். மே மாதம் என்றால் ஃப்ரிட்ஜில் இரண்டு மணி நேரம்.

மெல்லிய கண்ணாடி, வாய் கொஞ்சம் குறுகியது. எவர்சில்வர் டம்ளர் கூடவே கூடாது. கிளாஸில் கால்வாசிக்கு மேல் ஊற்றாதீர்கள். ஒரு பாட்டிலை பத்துப் பேர் ருசி பார்க்கலாம். வரிசை: மஸ்காட், கிரி, கெருவான் சிவப்பு, கடைசியில் சிரா அல்லது லாட்லஸ். ஒரு மடக்கு ஒயின், ஒரு வாய் சாப்பாடு, மறுபடி ஒரு மடக்கு. இரண்டாவது மடக்கு முதலாவதைவிட நன்றாக இருந்தால் ஜோடி சேர்ந்தது என்று அர்த்தம். குறிப்பு எழுதுகிறவர்கள் பிளாக்கரன்ட், சீடார் என்றெல்லாம் தேட வேண்டாம். நாவல், நெல்லி, பேரீச்சை, மிளகு, மழை விழுந்த மண், புதுச்செருப்பு என்று எழுதுங்கள்.

எதோடு எது

கிரிக்கு நான் செய்வது கேரட் சாலட். மொராக்கோவில் வீட்டுக்கு வீடு செய்வது. நமக்கோ பூம்பாறை, மன்னவனூர் கேரட் கைக்கெட்டும் தூரத்தில். அரை வேக்காட்டில் எடுத்து வட்டமாக நறுக்குங்கள். சூட்டோடு சூடாக நசுக்கிய மலைப்பூண்டு, வறுத்துப் பொடித்த சீரகம், எலுமிச்சைச் சாறு, ஆலிவ் எண்ணெய், உப்பு, மல்லித்தழை. ஒரு மணி நேரம் ஊறட்டும். பூண்டைக் குறைத்துப் போடுங்கள். மலைப்பூண்டு காரம் பொல்லாதது.

கெலிபியா மஸ்காட்டோடு மீன் போகும். மேலே வரும் மீன் ஐஸில் வருவது என்பதால் நான் பெரும்பாலும் கோழிதான் செய்வேன். மொராக்கோக்காரர்கள் உப்பு எலுமிச்சையும் பச்சை ஆலிவும் போட்டுக் கோழி செய்வார்கள். நம் வீட்டு உப்பு எலுமிச்சையே போதும், மிளகாய்ப்பொடி போடாத ஜாடியிலிருந்து எடுக்க வேண்டும். தோலை மட்டும் நறுக்கிக் கடைசி பத்து நிமிடத்தில் சேருங்கள். எலுமிச்சை நிறைய உப்பு வைத்திருக்கும், தனியாகப் போட வேண்டியதில்லை.

இனி முக்கியமான பண்டம், பிளம்ஸ் போட்ட ஆட்டுக்கறி. மொராக்கோவில் உலர்ந்த பிளம்ஸ் போடுவார்கள். நமக்கு மே, ஜூனில் மரத்திலிருந்தே கிடைக்கிறது. மூஞ்சிக்கல் கறிக்கடை பாயிடம் முன்னந்தொடையும் கழுத்தும் கலந்து, எலும்போடு, கொழுப்பை எடுக்காமல் ஒரு கிலோ கேளுங்கள். மண்சட்டியில் எண்ணெய் விட்டு, துருவிய பெரிய வெங்காயம் இரண்டு, ஒரு அங்குல இஞ்சி, நாலு பல் பூண்டு, அரை ஸ்பூன் மஞ்சள், ஒரு ஸ்பூன் மிளகுத்தூள், விரல் நீளப் பட்டை, இருந்தால் ஒரு சிட்டிகை குங்குமப்பூ. கறியைப் போட்டுப் பிரட்டி, இரண்டு டம்ளர் தண்ணீர் ஊற்றி மூடி, அடுப்பைச் சிறுதீயில் வையுங்கள். நல்லெண்ணெய் வேண்டாம், அதன் வாசம் ஒயினை விழுங்கிவிடும்.

நேரத்தைக் கீழ்நாட்டுக் கணக்கில் பார்க்காதீர்கள். 2,100 மீட்டர் உயரத்தில் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், கறி மெதுவாகத்தான் வேகும். இரண்டரை மணி நேரமாவது ஆகும். எலும்பைக் கரண்டியால் தட்டினால் கறி கழன்று விழ வேண்டும். குழம்பு வற்றிப் பளபளவென்று ஓரத்தில் எண்ணெய் பிரிந்திருக்க வேண்டும்.

பிளம்ஸைத் தனியாகச் செய்வதுதான் சூட்சுமம். இரண்டாகப் பிளந்து கொட்டை எடுத்து, வெட்டிய பக்கம் கீழே படும்படி வாணலியில் அடுக்கி, இரண்டு ஸ்பூன் மலைத்தேன், ஒரு கரண்டி கறிச்சாறு விட்டு ஐந்தே நிமிடம். தோல் சுருங்கும்போது இறக்கிவிடுங்கள். அதற்கு மேல் போனால் கரைந்து தொக்காகிவிடும். கறிமேல் அடுக்கி, வறுத்த எள்ளைத் தூவுங்கள். நம் பிளம்ஸுக்கு உலர்பழத்தைவிடப் புளிப்பு கூட. அதனால்தான் இதற்குக் கரிஞான் கலந்த கெருவான் சிவப்பை எடுக்கச் சொல்கிறேன். அதனிடமும் புளிப்பு இருக்கிறது, ஈடு கொடுக்கும். சீசன் இல்லாதபோது உலர்ந்த பிளம்ஸில் செய்தால் பண்டம் இனிப்பாகும், அப்போது மெர்லோ கலந்த லாட்லஸ் சிவப்பு இன்னும் நன்றாகப் போகும்.

தொட்டுக்கொள்ள குஸ்குஸ். கடையில் வாங்கத் தேவையில்லை. கோதுமை ரவையில் உப்புத் தண்ணீர் தெளித்துப் பிசறி, இட்லிப்பானையில் துணி விரித்து ஆவியில் வேகவைத்து, உதிர்த்து, எண்ணெய் தடவி மறுபடி ஒரு முறை. புட்டு செய்யத் தெரிந்த கைக்கு இது ஒன்றுமே இல்லை. மரக்கறிக்காரர்கள் கேரட், பூசணி, முட்டைக்கோஸ், சௌசௌ, கொண்டைக்கடலை போட்ட குழம்பு ஊற்றிச் சாப்பிடலாம், கிரி போதும். கடலைக்கு மட்டும் மண்சட்டி பிடிவாதம் வேண்டாம், இந்த உயரத்தில் குக்கர்தான்.

சிராவுக்கு நம் மிளகு வறுவலே போதும். திண்டுக்கல் பிரியாணியும் போகும், தால்ச்சாவைத் தள்ளி வைத்தால்.

எதைத் தொடக்கூடாது

புளிதான் முதல் எதிரி. சாம்பார், ரசம், புளிக்குழம்பு எதுவும் இந்த ஒயின்களோடு ஒட்டாது. ஒயின் சப்பென்று ஆகிவிடும். அடுத்தது மிளகாய். 13, 14 சதவீத ஆல்கஹால் மிளகாய்க் காரத்தை நெருப்பாக்கும், சிவப்பின் துவர்ப்பு அதில் எண்ணெய் ஊற்றும். துனிசியாவின் ஹரிஸ்ஸா மிளகாய் விழுதுக்குக்கூட அங்கே ரோஸைத்தான் சில்லென்று வைத்துக்கொள்கிறார்கள். கேசரி, பஞ்சாமிர்தம் போன்றவற்றோடு இனிக்காத ஒயின் குடித்தால் காடி மாதிரி இருக்கும். இனிப்புக்கு முன்பே பாட்டிலை மூடிவிடுங்கள்.

மிச்சம் இருந்தால் கார்க்கை அழுத்தி அடைத்து ஃப்ரிட்ஜில் வையுங்கள், மூன்று நாள் தாங்கும். அதற்கப்புறம் சிவப்பு என்றால் பேரிக்காய்க்குத்தான். ஆகஸ்டில் ஞாயிற்றுச் சந்தையில் குவிக்கிற கல் மாதிரி நாட்டுப் பேரிக்காயைத் தோல் சீவி முழுசாக வைத்து, மிச்ச ஒயினும் அதே அளவு தண்ணீரும் ஊற்றி, சர்க்கரை, பட்டை, நாலு கிராம்பு போட்டுச் சிறுதீயில் ஒரு மணி நேரம். நடுநடுவே திருப்பிவிடுங்கள், நிறம் எல்லாப் பக்கமும் ஏற வேண்டும். கத்தி சிரமமில்லாமல் இறங்கினால் பழத்தை எடுத்துவிட்டு, சாற்றை மட்டும் பாகுப் பதத்துக்குச் சுண்டவைத்து மேலே ஊற்றுங்கள். மறுநாள் சாப்பிட்டால் இன்னும் நன்றாக இருக்கும்.